சமையலறைச் சுவருக்கு இருபத்து மூன்று அடுக்கு

அலுவலகத்தில் அவளைச் சுவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செல்போன் கம்பெனியின் திட்டப் பிரிவில் பதினான்கு வருஷமாக அவள் செய்துவந்தது ஒரே வேலை. சுவர்களுக்கு அடுக்கு எழுதுவது. நகரத்துக் கட்டடங்கள் அத்தனையும் அவளுடைய கணினிக்குள் பெட்டி பெட்டியாக நின்றன. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை எந்தச் சுவரில் எவ்வளவு மாட்டிக்கொள்ளும், எவ்வளவு மோதித் திரும்பும், எவ்வளவு தப்பித்து உள்ளே போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் அது. அதனிடம் வெறுமனே சுவர் என்று சொன்னால் போதாது. வெளிப்பூச்சு பதினைந்து மில்லிமீட்டர், செங்கல் இருநூற்று முப்பது, உட்பூச்சு பன்னிரண்டு, பெயின்ட் அரை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தரையையும் விடாது. ஈரக் களிமண்ணா, காய்ந்த மணலா, பாறையா, பாறைக்கு மேல் ஒரு சாண் மண்ணா என்று கேட்கும்.

இதனால் அவளுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால் சுவரை நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பாள்.

"போற இடத்துல தட்டாதே. வீடு வாங்க வந்திருக்கோம்னு நினைச்சுக்கறாங்க" என்பார் அவள் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்குத் தொழிலைக் கடையோடு விட்டுவிட்டு வரத் தெரியும்.

அவள் தட்டிப் பார்க்காத சுவர் ஒன்றே ஒன்றுதான். நாத்தனார் வீட்டுச் சமையலறைச் சுவர். நாத்தனாரின் சமையலறைக்குள் யாரும் சும்மா போய்விட முடியாது.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருந்தாள். எதிரே ஒரு விளையாட்டு மைதானம், மைதானத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் கோபுரம். ஜன்னலைத் திறந்தால் கோபுரத்தின் திருகாணியை எண்ணலாம். ஆனால் அவள் சமையலறையில் மட்டும் போன் வேலை செய்யாது. குடும்பம் எங்கே கூடினாலும் பேச்சு அங்கேதான் போய் முட்டும்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் சிக்னல் குடுக்கறே. என் கிச்சன் மேல மட்டும் உனக்கு என்ன காட்டம்?"

"பாக்கறேன் அண்ணி."

"நாலு வருஷமா பாத்துக்கிட்டே இருக்கே."

இந்தப் பேச்சு முடிந்ததும் அடுத்த பேச்சு தானாகத் தொடங்கும். அது நாத்தனாரின் கணவரைப் பற்றியது. குடும்பத்தில் அவருக்குத் தங்க மாப்பிள்ளை என்று பெயர். குடிநீர் வாரியத்தில் எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறப்பது என்று முடிவு செய்கிற அதிகாரி. அப்பேர்ப்பட்டவர் மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையலறைக்குப் போய், மனைவிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவார். பாத்திரம் துடைப்பார். வேலை எல்லாம் தீர்ந்த பிறகும் எழுந்து போக மாட்டார்.

"அந்த மாமாவைப் பாருங்க" என்று குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் தங்கள் கணவன்மாரை இடித்துக் காட்டுவார்கள். சுவரக்காவும் காட்டியிருக்கிறாள். அவள் கணவர் அந்த மாமாவைப் பார்த்துப் பார்த்தே பாதி வெறுத்துப் போயிருந்தார்.

ஒருநாள் நாத்தனார் பொறுமை இழந்து கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுத்தாள். புகார் சுற்றிச் சுற்றிக் கடைசியில் சுவரக்காவின் மேஜைக்கு வந்தது. மேலாளர் கூப்பிட்டு, "நம்ம கணக்குப்படி அந்தக் கிச்சன்ல சிக்னல் பிரமாதமா இருக்கணுமே?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் போன் மூன்று தரம் அடித்துவிட்டது. அந்த மனிதர் ஒரு வாக்கியத்தை இடையூறில்லாமல் முழுசாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவள் அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி, பிறகுதான் உள்ளே விட்டாள். கருவியின் முக்காலியை விரித்து அளந்தால், கணக்கு சொன்னதற்கு நாற்பத்தெட்டு டெசிபல் குறைவு. அதாவது வந்துசேர வேண்டியதில் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு கூட வரவில்லை. செங்கல் சுவர் ஒன்று இவ்வளவு தின்னாது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று கூடத்துக்குப் போய் அளந்தாள். கூடத்தில் கணக்கும் அளவும் ஒட்டிப் பிறந்ததுபோல் சரியாக இருந்தன.

முதலில் அவள் தரைமேல்தான் பழியைப் போட்டாள். ஈர மண்ணில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு மோதி இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது உண்டு. ஒரு வாரம் மைதானத்தில் இரும்புக் கம்பியைக் குத்திக் குத்தி, எவ்வளவு ஆழம் வரை ஈரம் இருக்கிறது என்று பார்த்தாள். மைதானக் காவலாளி பின்னாலேயே வந்தார்.

"என்ன தேடறீங்க?"

"ஈரம் இருக்கான்னு."

"வாரியத்துல தண்ணி விட்டாத்தானே இருக்கும்? அந்த அதிகாரிக்குச் சாயங்காலம் ஆனா போனே போறதில்லை. அஞ்சரை மணிக்கு மனுஷன் எங்கதான் போய் ஒளியறாரோ!"

அவர் எங்கே ஒளிகிறார் என்பது சுவரக்காவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் மனசில் களிமண் தவிர வேறெதுவும் இல்லை. களிமண்ணை எப்படி மாற்றி எழுதியும் ஆறு டெசிபலுக்கு மேல் பெயரவில்லை.

மறுபடி போனாள். இந்த முறை டேப் கொண்டுபோனாள். சமையலறையை உள்ளே அளந்தாள், வெளியே அளந்தாள், கட்டட வரைபடத்தோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றரை அடி காணவில்லை. திரும்ப அளந்தாள். அறை ஒன்றரை அடி சின்னதாகத்தான் இருந்தது. கோபுரத்தைப் பார்த்த சுவரைத் தட்டினாள். பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. தலையணையைத் தட்டினமாதிரி இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த தங்க மாப்பிள்ளையின் கை நின்றது. நாத்தனார் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள்.

"அண்ணா," என்றாள் அவள், "இந்தச் சுவருக்குள்ள என்ன இருக்கு?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உன்கிட்ட மாட்டிக்குவேன்னு தெரியும்மா. நீ கல்யாணமாகி வந்த அன்னிக்கே எங்க வீட்டுக் கூடத்துச் சுவரைத் தட்டினே. அன்னைலேருந்து எனக்குப் பயம்தான்."

நோட்டில் அழகான கையெழுத்தில் தேதி போட்டு எல்லாம் இருந்தது. முதல் வருஷம் கோழிவலைக் கம்பி, அதன்மேல் எட்டு மில்லிமீட்டர் சிமென்ட் பூச்சு. இரண்டாவது வருஷம் ஓடு. பிறகு ஒட்டுப்பலகை, தெர்மோகோல், சிமென்ட் அட்டை, இன்னொரு கம்பிவலை, பழைய பிளக்ஸ் பேனர் நான்கு மடிப்பு. ஏழாவது வருஷம் எதிரே கோபுரத்தின் சக்தியைக் கூட்டிவிட்டார்கள். அந்த வருஷம் மட்டும் மூன்று அடுக்கு. ஒவ்வொன்றின் தடிமனும் கால் மில்லிமீட்டர் வரை குறித்திருந்தது. கட்டடத்தோடு வந்த நாலு அடுக்கையும் சேர்த்தால் மொத்தம் இருபத்து மூன்று. ஜன்னலில் கொசுவலை என்று சொல்லி இரட்டை எஃகு வலை. வாசலில் அழகுக்கு என்று சொல்லித் தொங்கவிட்ட சங்கிலித் திரை.

சுவரக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது. கோபத்தினால் இல்லை. இவ்வளவு சுத்தமான சுவர் விவரத்தை எந்தக் கட்டட ஒப்பந்தக்காரரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. செங்கல்லா கான்கிரீட்டா என்று கேட்டாலே முழிப்பார்கள்.

"எதுக்கண்ணா இதெல்லாம்?"

"எல்லாத் தெருக்காரங்களும் எனக்குத்தான் போன் பண்றாங்க. தண்ணி வரலைன்னா பண்றாங்க. வந்தா நிக்கலைன்னு பண்றாங்க. போனை அணைச்சு வைக்கக் கூடாதுன்னு வாரியத்துல உத்தரவு. ஆனா சிக்னல் இல்லாத இடத்துல இருக்கக் கூடாதுன்னு எந்த உத்தரவும் இல்லை." பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். "உன் அண்ணி வருஷா வருஷம் தங்கச்சி வீட்டுக்குப் பத்து நாள் போவா. அப்ப வேலை பாப்பேன். திரும்பி வந்தா, பெயின்ட் அடிச்சு வச்சிருக்கீங்களான்னு சந்தோஷப்படுவா."

சங்கிலித் திரை கலகலத்தது. நாத்தனார் கை நிறையத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

இருவரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் முதலில் கேட்டது இதுதான்:

"அப்ப நான் குண்டாகலையா?"

துணியை இடுப்போடு அணைத்துக்கொண்டு மேடையைக் காட்டினாள்.

"இந்த மேடைக்கும் அலமாரிக்கும் நடுவுல திரும்ப முடியலை, இடுப்பு இடிக்குதுன்னு நாலு வருஷமா ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். விடியக்காலையில மைதானத்தைப் பத்து சுத்து சுத்தினேன். ஃப்ரிட்ஜ் உள்ள நுழையலைன்னு சின்னதா மாத்தினோம். அப்பகூட நீங்க வாயைத் திறக்கலை. சுவரு வளந்திருக்கு!"

"மெதுவாத்தான் வளந்துச்சு" என்றார் அவர்.

"என் பக்கத்துல இருக்கணும்னு உள்ள வர்றீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"முதல்ல போனுக்காகத்தான் வந்தேன்."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். அந்த நேரத்திலும் அவருக்குப் பொய் வரவில்லை. "அப்புறமும் போனுக்காகத்தான். ஆனா நீ தங்கச்சி வீட்டுக்குப் போற பத்து நாளும் உள்ளே ஒரே புழுக்கமா இருக்கும்."

நாத்தனார் துணியை ஸ்டூல்மேல் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடுக்காகக் கேட்டாளாம். இது எப்போ, அது எப்போ. பதினான்காவது அடுக்கு அவள் குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது போட்டது. வீடு திரும்பிய அன்று இளம்பச்சை பெயின்ட்டைப் பார்த்து அவள் அழுதிருக்கிறாள். "அந்த அழுகையைத் திருப்பிக் குடுங்க" என்று கேட்டாளாம். அவரிடம் என்ன இருக்கிறது கொடுப்பதற்கு? பெரிய பூசணிக்காய் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்க ஆரம்பித்தாராம்.

நாலாம் நாள் அவள் தெருவில் இறங்கி நின்று கம்பெனிக்குப் போன் செய்தாள். "என் கிச்சனுக்குச் சிக்னல் வேண்டாம். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்." எதிர்முனைக்காரர் பணிவாகச் சொன்னார்: சிக்னல் வேண்டும் என்பதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, வேண்டாம் என்பதற்குப் பிரிவு இல்லை. கணக்கும் அளவும் ஒத்துப்போனால்தான் புகாரை மூட முடியும்.

ஆகவே அது மறுபடி சுவரக்காவின் தலையில் விழுந்தது. அவள் சந்தோஷமாகவே உட்கார்ந்து நோட்டைப் பார்த்து அடுக்குகளை எழுதினாள். எட்டாவது அடுக்கோடு மென்பொருள் நின்றுவிட்டது. ஒரு சுவருக்கு எட்டு அடுக்குக்கு மேல் இடமில்லை. தலைமையகத்துக்கு எழுதினாள். சுவர்ப் பிரிவின் பெரிய அதிகாரியிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. சுவர் என்பது அதிகபட்சம் எட்டு அடுக்கு கொண்டது. தாங்கள் குறிப்பிடும் சுவரில் கூடுதலாகப் பதினைந்து அடுக்குகள் காணப்படுகின்றன. அவற்றைச் சுவரிலிருந்து நீக்கிவிட்டுத் தெரிவிக்கவும்.

நீக்குவதற்கு நாத்தனார் ஒப்பவில்லை. "இருக்கட்டும். பழகிப்போச்சு" என்றாள். இடிக்கலாமா என்று கேட்டதும் முதலில் பதறியவள் அவள்தான் என்று தங்க மாப்பிள்ளை பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

சுவரக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே சுவரை மூன்று சுவராக எழுதினாள். எட்டு, எட்டு, ஏழு. இரண்டு சுவர்கள் ஒட்டிக்கொண்டு நிற்க மென்பொருள் விடாது என்பதால் ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாள். ஓடவிட்டால் அளவும் கணக்கும் புள்ளி பிசகாமல் ஒத்துப்போயின. புகார் மூடப்பட்டது. அன்று அவள் தன் கணவருக்கும் தனக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் இரண்டு புதுப் புகார்கள் வந்திருந்தன. நாலு பக்கமும் சுவர் அடைத்த இடம் எதுவானாலும் மென்பொருளுக்கு அது அறைதான். நாத்தனார் வீட்டில் புதிதாக இரண்டு அறைகள் முளைத்திருந்தன. அகலம் ஒரு மில்லிமீட்டர், நீளம் பத்து அடி. இரண்டிலும் சொட்டுச் சிக்னல் இல்லை என்று கணினி தானாகவே புகார் எழுதி, தானாகவே பதிவும் செய்துகொண்டது. அறைவாசிகளுக்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதம் இரண்டு பிரதி நாத்தனார் வீட்டுக்குத் தபாலில் போனது.

ஒரே வீட்டில் மூன்று புகார் என்றதும் மேலாளரே நேரில் ஆய்வுக்குக் கிளம்பினார். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, சங்கிலித் திரையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த ரூமுக்கு வாசல் எங்கே?"

"வாசல் கிடையாது சார்."

"ஆள் எப்படி உள்ளே போவாங்க?"

"போக மாட்டாங்க சார். ஒரு மில்லிமீட்டர்."

"ஆளே போகாத ரூம்ல சிக்னல் இல்லைன்னு யார் புகார் குடுத்தது?"

"நம்ம கம்ப்யூட்டர் சார்."

"அது எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்டவர், திடீரென்று திகைத்து நின்றார். தொடர்ந்து நாலு வாக்கியம் முழுசாகப் பேசியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. காதில் வைத்துப் பார்த்தார். மெதுவாக அதை மேடைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "உக்கார ஏதாவது இருக்கா?" என்றார்.

தங்க மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். இன்னொரு கத்தியும் கொடுத்தார்.

அறிக்கையில் மேலாளர் "ஆய்வு தொடர்கிறது" என்று எழுதினார். வாரம் இரண்டு நாள் தொடர்ந்தது. பிறகு தினமும். ஒரு மாதத்தில் தலைமையகத்திலிருந்து சுவர்ப் பிரிவின் பெரிய அதிகாரி, பதினைந்து அடுக்கை நீக்கச் சொன்னவர், தானே வந்தார். சுவரைத் திட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். அரை மணி கழித்து வெண்டைக்காயை எவ்வளவு பொடியாக நறுக்க வேண்டும் என்று நாத்தனாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் உதவியாளரையும் கூட்டிவந்தார். ஏற்கனவே ஒன்றரை அடி போன அறை. நாலு பெரிய மனிதர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தால் அடுப்புக்குப் போக வழி எங்கே? நாத்தனார் சமைத்ததைவிட நறுக்கிய காய் அதிகமாகிவிட்டது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள்.

ஒரு மாலை தங்க மாப்பிள்ளை வந்து பார்த்தபோது அவர் ஸ்டூலில் உதவியாளர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பின்பக்கத்து பால்கனிக்குப் போனார். போன உடனே சட்டைப் பையில் போன் அலறியது. அவர் அதைப் பாம்பைப் பிடிப்பதுபோல் எடுத்துக்கொண்டு நிற்க, பின்னாலேயே வந்த நாத்தனார் கையிலிருந்து பிடுங்கினாள்.

"யாரு? எந்தத் தெரு? ... நேத்து எத்தனை மணிக்கு வந்துச்சு? ... அப்ப இன்னிக்கும் அதே நேரம்தான் வரும். உங்க வீட்டுத் தொட்டி மூடியைச் சரி பண்ணினீங்களா? பண்ணலையா? முதல்ல அதைப் பண்ணிட்டு அப்புறம் எங்களுக்குப் போன் போடுங்க. வைக்கட்டுமா?"

அன்று பதினேழு அழைப்புகள். பதினேழுக்கும் அவளே பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அடுத்த நாள் பதினொன்று. பத்து நாளில் ஒன்று இரண்டாகக் குறைந்தது. அதிகாரியின் வீட்டில் ஓர் அம்மாள் போனை எடுக்கிறார், தொட்டி மூடியைப் பற்றிக் கேட்கிறார் என்ற சேதி தெருத்தெருவாகப் போய்விட்டது. அந்த வட்டாரத்தில் நிறையத் தொட்டிகளுக்கு மூடி வந்தது.

சுவரக்கா தன் ஒன்பதாவது ஆய்வுக்குப் போனபோது சமையலறையில் கம்பெனிக்காரர்கள் மூவரும் பேச்சு மூச்சில்லாமல் கேரட் சீவிக்கொண்டிருந்தார்கள். அவளை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. பால்கனியில் நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் சும்மா கிடந்தது. தங்க மாப்பிள்ளை கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நறுக்க ஒண்ணும் இல்லையே" என்றார் அவர். "என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வந்து உக்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார்.